கரையான் பானை

கேள்வி: மகள் ஆசைப்பட்டாள் என்று வாங்கிய நாட்டுக்கோழி, அடை உட்கார்ந்து 7 குஞ்சு பொரித்திருக்கிறது. பானையைக் கவிழ்த்துக் கரையான் பிடித்துப் போட்டால் குஞ்சுகள் நன்றாக வளரும் என்கிறார் மாமியார். செய்து பார்க்கலாமா? கரையான் வீட்டுக்குள் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, ஆலங்குடி

பதில்: தாராளமாகச் செய்யுங்கள். உங்களுடையது செம்மண் பூமி, கரையானுக்குக் குறைவிருக்காது. உங்கள் மாமியார் சொல்வதுதான் என் அம்மாவின் வழக்கமும். தீவனக் கடையே இல்லாத ஊரில் அவர் குஞ்சு வளர்த்தது இப்படித்தான்.

வாய் உடைந்த பழைய மண்பானை ஒன்று போதும். கிழிந்த கோணிச்சாக்கு, காய்ந்த வறட்டி, தென்னை மட்டைத் துண்டு, இற்றுப்போன விறகு, இவற்றை அதில் திணியுங்கள். தண்ணீரைத் தெளித்தால் போதும், ஊற்ற வேண்டாம். கரையான் நடமாட்டம் உள்ள இடமாகப் பார்த்து, பொழுது சாயும்போது வாய் மண்ணில் படும்படி கவிழ்த்து வையுங்கள். காலையில் தூக்கினால் கோணி மடிப்பெல்லாம் ஈர மண் பூசி, வெள்ளை வெள்ளையாக நெளியும். முறத்தில் தட்டி, வெயில் ஏறுமுன் நிழலில் போடுங்கள். வெயில் பட்டால் சுருண்டு செத்துவிடும். தாய்க்கோழி ஒரு கரையானை அலகில் எடுத்து, "கொக் கொக்" என்று கூப்பிட்டுக் கீழே போடும். குஞ்சுகள் ஓடி வரும் அந்த ஓட்டத்தை உங்கள் மகள் அவசியம் பார்க்க வேண்டும்.

ராணி புற்றுக்குள்ளேயே இருக்கும். பானைக்கு வருவது இரை தேடும் கூட்டம்தான். அதனால் நாம் எடுக்க எடுக்கப் புற்றிலிருந்து வந்துகொண்டே இருக்கும். வரத்து குறைந்தால் நாலடி தள்ளி வையுங்கள்.

உங்கள் பயம் நியாயமானது. கல்யாணமான புதிதில் நான் சமையற்கட்டுச் சுவரோரமாகவே பானையை வைத்து வந்தேன். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் கதவு நிலையில் மண்கோடு ஏறிவிட்டது. விரலால் அழுத்தினேன், மரம் பொருபொருவென்று உள்ளே போனது. நிலையையே மாற்ற வேண்டியதாயிற்று. அதனால் பானை தோட்டத்தின் கடைக்கோடியில் இருக்கட்டும். தட்டிய கோணியையும் மட்டையையும் வீட்டுப் பக்கம் கொண்டுவராதீர்கள். இன்னொன்று, இதைவிட முக்கியம்: கரையான் மருந்து அடித்த இடத்தில் பிடித்ததைக் குஞ்சுக்குக் காட்டவே கூடாது. பக்கத்து வீட்டில் அடித்திருக்கிறார்களா என்றும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

குஞ்சுகளுக்கு நொய்யும் தண்ணீரும் வையுங்கள். கரையானைக் காலையில் ஒரு வேளை கொடுங்கள். கம்பு, நொய்யை நிறுத்திவிடாதீர்கள். உடம்பு வளரப் புரதம் வேண்டும், அதற்குத்தான் கரையான். அதுவே முழுச் சாப்பாடு ஆகாது.

அடைமழையில் பானைக்குள் ஒன்றும் ஏறாது. மழை விட்ட சாயங்காலம் விளக்கடியில் ஈசல் மொய்த்தால், அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து விளக்குக்குக் கீழே வையுங்கள். விடிந்ததும் வடித்துப் போடலாம். அன்றைக்குத் தாய்க்கோழிக்கும் பங்கு கிடைக்கும்.