பேர்ல ஈ இருந்தா ஈ ஆயிடுமா? ஈக்கள் பேரு பத்தி கேள்வி பதில்

ஈக்களோட பேரு, அந்தப் படிப்புல வர்ற வார்த்தைங்க பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துட்டேன்.

கேள்வி: அக்கா, தேனீ, வெள்ளை ஈ, வீட்டு ஈ எல்லாமே ஈ தானே? அப்புறம் டிப்டெரான்னு தனியா எதைச் சொல்றாங்க?

இல்லப்பா. டிப்டெரான்னா ரெண்டு றெக்கைக்காரங்க. தேனீக்கு நாலு றெக்கை, வெள்ளை ஈக்கும் நாலு, அதனால ரெண்டுமே இந்தக் கூட்டத்துல வராது. ஆனா கொசு வரும், நிறைய பேர் இதை நம்ப மாட்டேங்கறாங்க, கொசுவும் முறைப்படி ஒரு ஈ தான். நிஜ ஈக்கு பின்றெக்கை இருக்க வேண்டிய இடத்துல குச்சி முனையில குமிழ் வெச்ச மாதிரி ஒரு ஜோடி உறுப்பு இருக்கும், அதான் ஹால்டியர். பறக்கும்போது அதுவும் றெக்கையோட சேர்ந்து துடிச்சிக்கிட்டே இருக்கும், உடம்பு எந்தப் பக்கம் திரும்புதுன்னு ஈக்கு அதை வெச்சுத்தான் தெரியும், அதை எடுத்துட்டா ஈயால ஒழுங்கா பறக்க முடியாது. பார்க்கணும்னா செத்த கொசுவை லென்ஸ்ல பாருங்க, நேராவே தெரியும். வீட்டு ஈல கேலிப்டர்னு ஒரு வெள்ளைச் செதில் அதை மூடியிருக்கும், குண்டூசி முனையால லேசா தூக்கினாதான் உள்ள இருக்கறது தெரியும்.

கேள்வி: அப்ப ரெண்டு றெக்கை இருந்தா கண்ண மூடிட்டு ஈன்னு சொல்லிடலாமா?

கூடாது. ஆண் மாவுப்பூச்சிக்கும் ரெண்டு றெக்கைதான், ஆனா அது வேற வம்சம். வால் பக்கம் வெள்ளையா நீளமா மெழுகு இழை நீட்டிக்கிட்டு இருக்கும், சாப்பிட வாயே கிடையாது. எதிர்ப்பக்கமும் இருக்கு, ஆட்டு ரோமத்துக்குள்ள வாழற ஒரு ஈக்கு றெக்கையே இல்ல, ஆனா அது அசல் ஈ.

கேள்வி: மேடம், பொள்ளாச்சி பக்கம் தென்னை வெச்சிருக்கேன். வெள்ளை ஈ வந்து ஓலையெல்லாம் கறுத்துப் போச்சு. கடையில ஈக்கு அடிக்கிற மருந்தையே குடுத்தாங்க, அடிக்கலாமா?

ஐயா, தயவுசெஞ்சு அடிக்காதீங்க. இந்த இடத்துலதான் அந்தப் பேரு ஆளைக் கவுக்குது. உங்க தோப்புல இருக்கறது சுருள் வெள்ளை ஈயா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், இந்தியாவுல முதல்ல 2016ல உங்க பொள்ளாச்சியிலதான் கண்டுபிடிச்சாங்க, அது அசுவினி, மாவுப்பூச்சிக்குச் சொந்தம், ஈக்குச் சொந்தமே இல்ல. ஓலை அடிப்பக்கம் திருப்பிப் பாருங்க, முட்டையை சுருள் சுருளா வெள்ளை மெழுகோட வெச்சிருக்கும். சாறை உறிஞ்சி இனிப்பா கழிவை விடும், அது கீழ் ஓலை மேல விழுந்து அதுலதான் கரும்பூசணம் படருது. என்கார்சியான்னு ஒரு துளியூண்டு குளவி இதோட குஞ்சுகளுக்குள்ள முட்டை வெச்சு அழிக்கும், நீங்க மருந்தடிச்சா முதல்ல சாகறது அந்தக் குளவிதான், அப்புறம் வெள்ளை ஈ கட்டுக்கடங்காம போயிடும். மஞ்சள் ஒட்டும் பொறி கட்டுங்க, தண்ணியை வேகமா ஓலை அடியில பீய்ச்சி அடிங்க, கறுப்புக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா பசை கரைச்சு தெளிச்சா வெயில்ல காஞ்சு பொருக்கா உதிர்ந்துடும்.

கேள்வி: நான் பிஎஸ்சி ஜுவாலஜி. லேப்ல பழ ஈன்னு ட்ரோசோஃபிலா காட்டறாங்க, எங்க அப்பா மாம்பழத்துல புழு வைக்கறதை பழ ஈங்கறார். யார் சொல்றது சரி?

பூச்சிக்காரங்க கிட்ட கேட்டா அப்பா சொல்றதுதான் சரின்னுவாங்கமா. மாம்பழத்துல வர்றது பாக்ட்ரோசெரா டார்சாலிஸ், டெஃப்ரிடிடே குடும்பம், நல்ல பழத்தையே குத்தி தோலுக்கடியில முட்டை வைக்கும், புழு தின்னு முடிச்சு மண்ணுக்குள்ள போயி கூடாகும், அதனாலதான் விழுந்த பழத்தை பொறுக்கி அழிக்கச் சொல்றாங்க. மெத்தில் யூஜினால்னு வாசனை காட்டி இழுக்கற பொறிக்கு இதோட ஆண் மட்டும்தான் வரும், பாகல், புடலைல வர்ற ஈக்கு அது வேலைக்காகாது, அதுக்கு க்யூ லூர்ங்கற வேற வாசனை வைக்கணும். ட்ரோசோஃபிலா மெலனோகாஸ்டர் பெரும்பாலும் அழுகி புளிச்ச பழத்துக்குத்தான் வரும், அதனால வினிகர் ஈன்னு சொல்றது பொருத்தம். ஆனா 1910ல மார்கன்ங்கற விஞ்ஞானி வெள்ளைக் கண் ஈயை வெச்சு மரபணு வேலை செஞ்சு, 1933ல நோபலும் வாங்கின பிறகு உலகம் முழுக்க பழ ஈங்கற பேரு இதுக்கு ஒட்டிக்கிச்சு. அறிவியல் பேர்லயும் ஒரு வில்லங்கம் இருக்கு. ட்ரோசோஃபிலா ரொம்பப் பெரிய பேரினம், அதைப் பிரிச்சா இந்த ஈ சோஃபோஃபோராங்கற பேருக்கு மாற வேண்டி வரும், ஏன்னா ட்ரோசோஃபிலாங்கற பேரு எந்தப் பக்கம் போகும்னு முடிவு பண்ற மாதிரி இனம் ஃபுனெப்ரிஸ்ங்கற வேற ஈ. பேரைக் காப்பாத்த மெலனோகாஸ்டரையே மாதிரி இனமா ஆக்குங்கன்னு விண்ணப்பம் போட்டாங்க, 2010ல சர்வதேச விலங்குப் பெயரிடல் ஆணையம் முடியாதுன்னுடுச்சு. இதுவரைக்கும் எல்லாரும் பழைய பேரையே எழுதறாங்க, எனக்கும் அதான் நல்லதுன்னு படுது, ஒரு நூற்றாண்டு ஆராய்ச்சி அந்தப் பேர்லதான் தேடக் கிடைக்குது.

கேள்வி: ப்யூபா, ப்யூபேரியம் ரெண்டும் ஒண்ணா?

இல்ல. வீட்டு ஈ மாதிரி ஈக்கள்ல புழுவோட கடைசித் தோலே கெட்டியாகி பழுப்பு உறையா மாறும், அந்த உறை ப்யூபேரியம், உள்ள இருக்கறது ப்யூபா, அதாவது கூட்டுப்புழு. கொசுவுக்கு அந்த உறை கிடையாது.

கேள்வி: நெல்லுல ஆனைக்கொம்பன்னு சொல்றது வண்டா புழுவா அக்கா?

அது ஈ தான் தம்பி, கொசு சைஸ்ல இருக்கும். புழு தண்டுக்குள்ள குருத்தைத் தின்ன, அந்தத் தூர் வெங்காயத்தாள் மாதிரி குழாயா வெளுப்பா நீளும், பார்க்க ஆனைத் தந்தம் மாதிரி இருக்கறதால இந்தப் பேரு. அந்தத் தூர்ல கதிர் வராது. குழாய் கண்ணுக்குத் தெரியும்போது உள்ள இருக்கறது வெளிய வரப்போற நேரம், அதனால விளக்குப் பொறில ஈ விழற அளவை முன்னாடியே பார்த்துக்கணும்.

கேள்வி: எங்க பாத்ரூம் சுவத்துல குட்டியா ரோமமா அந்துப்பூச்சி மாதிரி ஒண்ணு ஒட்டிக்கிட்டே இருக்கு. மணல் ஈன்னு பக்கத்து வீட்ல பயமுறுத்தறாங்க, காலா அசார் காய்ச்சல் வருமா?

வராதுங்க, அது மணல் ஈ இல்ல. ரெண்டும் சைக்கோடிடேன்னு ஒரே குடும்பம், அந்தக் குழப்பம்தான். மணல் ஈ றெக்கையை வி மாதிரி தூக்கி வெச்சு உக்காரும், ரத்தம் குடிக்கும், பீகார் பக்கம் காலா அசாரைப் பரப்பறது அதுதான். உங்க வீட்டுது றெக்கையை விரிச்சு கூரை மாதிரி படுத்து உக்காரும், கடிக்கவே கடிக்காது. அதோட புழு சாக்கடைக் குழாய்க்குள்ள வழவழன்னு படிஞ்ச பாசியிலதான் வளருது, மருந்தடிக்கறதை விட நீளமான பிரஷ் விட்டு அதைத் தேய்ச்சு எடுங்க. எந்தக் குழாய்லேந்து வருதுன்னு தெரியலைன்னா ராத்திரி ஒவ்வொரு துளை மேலயும் செல்லோடேப்பை கொஞ்சம் இடைவெளி விட்டு ஒட்டி வைங்க, காலைல எதோட அடிப்பக்கம் ஈ ஒட்டியிருக்கோ அதான் ஆளு.