குவாட் பைக்கில் (நான்கு சக்கர பைக்) தீவன மூட்டை ஏற்றி, டிரெய்லரும் இழுக்கலாமா?

ஆஸ்திரேலியப் பண்ணை வேலைக்குப் போகிறவர் கேட்ட கேள்வி இது. இழுக்கலாம், ஆனால் டிராக்டர் பழக்கத்தை அப்படியே கொண்டுபோகாதீர்கள். இந்த வண்டி அகலம் குறைவு, உயரத்தில் பாரம் ஏறினால் சட்டென்று கவிழும். அதனால்தான் அங்கே 2021 அக்டோபர் முதல், விற்பனைக்கு வரும் புதிய பண்ணை குவாட் பைக்குகளில் கவிழ்வுப் பாதுகாப்பு அமைப்பு கட்டாயம்.

கையேட்டில் உள்ள எடை வரம்பில் உங்கள் உடல் எடையும் சேர்த்தி. பலர் இதைத்தான் மறக்கிறார்கள். மூட்டையைத் தாழ்வாக, அசையாமல் கட்டுங்கள். மருந்துத் தண்ணீர் பாதி நிரம்பிய தொட்டி இன்னும் மோசம்: திருப்பத்தில் தண்ணீர் ஒரு பக்கம் அலையடித்து வண்டியையும் இழுக்கும்.

டிரெய்லரில் பாரம் அச்சுக்குச் சற்று முன்னே இருக்கட்டும். பின்னால் குவிந்தால் கொக்கி மேலே தூக்கி, பைக்கின் பின்சக்கரம் பிடிமானம் இழக்கும். கயிற்றைக் கேரியரில் கட்டி இழுப்பது வேண்டவே வேண்டாம், முன்பக்கம் எழும்பிவிடும். கொக்கியில் மட்டும் மாட்டுங்கள்.

சரிவில் குறுக்கே போகாதீர்கள். இறங்கும்போது முன்கூட்டியே தாழ்ந்த கியர். பெரும்பாலான சிறு டிரெய்லர்களுக்குப் பிரேக்கே கிடையாது, பின்னாலிருந்து தள்ளும்.