குழந்தையுடன் கடலில் கயாக் மீன்பிடிப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சில ஆண்டுகளாகக் கடலில் கயாக்கில் (துடுப்புப் போட்டுச் செலுத்தும் ஒடுக்கமான சிறு படகு) சென்று தூண்டில் போட்டு வருகிறேன். எட்டு வயதாகும் என் மகள் தானும் வருவேன் என்கிறாள். அவளுக்கு நன்றாக நீந்தத் தெரியும். அழைத்துச் செல்லலாமா?

பதில்: தாராளமாக அழைத்துச் செல்லலாம். ஆனால் அன்றைக்கு நீங்கள் மீன் பிடிக்கப் போவதில்லை என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். துடுப்பு உங்கள் கையிலும் தூண்டில் அவள் கையிலும் இருக்கட்டும். பெரிய மீன் ஒன்று தூண்டில் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடும்போது எவ்வளவு பொறுப்புள்ளவருக்கும் கண் மீனின் மேல்தான் இருக்கும். காற்று கயாக்கை எந்தப் பக்கம் தள்ளுகிறது, குழந்தை எவ்வளவு தூரம் வெளியே சாய்ந்திருக்கிறாள் என்பதெல்லாம் அந்த நேரத்தில் கவனத்திலிருந்து நழுவிவிடும்.

நீந்தத் தெரிவது நல்லதுதான். ஆனால் அது உயிர்காப்பு அங்கிக்கு மாற்றாகாது. வளர்ந்த பிறகும் பயன்படட்டும் என்று பெரிய அங்கியாக வாங்காமல், இன்றைய எடைக்கு ஏற்றதையே வாங்குங்கள். அணிவித்து எல்லாப் பட்டைகளையும் இறுக்கிய பின் தோள்பகுதியைப் பிடித்து மேல்நோக்கித் தூக்கிப் பாருங்கள். அங்கி மோவாயைத் தாண்டி ஏறினால் தண்ணீரிலும் அப்படியே ஏறிக் கழன்றுவிடும். குழந்தையைக் கயாக்கோடு கயிற்றால் பிணைத்துவிடலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. கயாக் கவிழ்ந்தால் அந்தக் கயிறே அவளை அடியில் சிக்க வைத்துவிடும் என்பதால் அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

உள்ளே கால் நுழைத்து அமரும் கயாக்கைவிட, மேல்தளத்தில் அமரும் வகையே இதற்குப் பொருத்தமானது. தளத்திலுள்ள துளைகள் வழியே தண்ணீர் தானாக வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் திருப்பிப் போட்டு மீண்டும் ஏறிக்கொள்ளலாம். அந்த ஏறுதலைத்தான் முதலில் பழக வேண்டும். தூண்டில் எதுவும் இல்லாமல், உங்களுக்கு இடுப்பளவு ஆழமுள்ள அமைதியான நீரில் வேண்டுமென்றே கயாக்கைக் கவிழ்த்துப் பாருங்கள். நீங்கள் ஒரு பக்கத்தைப் பிடித்து அழுத்திக்கொள்ள அவள் மறுபக்கமிருந்து ஏறவும், பிறகு அவள் அமர்ந்திருக்கும்போதே நீங்கள் காலைத் தரையில் ஊன்றாமல் ஏறவும் முடிகிறதா என்று சோதியுங்கள். இரண்டாவது பகுதி பலருக்கும் கடினமாக இருக்கும். அது எளிதாகும்வரை கடல் பயணத்தைத் தள்ளிப்போடுவதே முறை.

கேள்வி: கரையோரக் கடல் அலையின்றி அமைதியாக இருக்கும் நாளில் மட்டும் சென்றால் போதாதா?

பதில்: போதாது. கயாக்கில் செல்பவர்களை அதிகம் ஏமாற்றுவது இந்த அமைதிதான். காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும்போது கரையோர மரங்களும் மேடுகளும் அதைத் தடுக்கின்றன. அலை வளர்வதற்கு வேண்டிய தூரமும் அங்கே இல்லை. ஆகவே கரையில் நின்று பார்ப்பவருக்குக் கடல் சாதுவாகத் தெரிகிறது. புறப்பட்டுப் போகும்போது காற்று முதுகில் தள்ளுவதால் துடுப்புப் போடுவது சுகமாகவே இருக்கும். திரும்ப நினைத்துக் கயாக்கைத் திருப்பும்போதுதான் அதே காற்று முகத்தில் அறைகிறது. கரை தொலைவாகியிருக்கிறது, அலையும் உயர்ந்திருக்கிறது, துடுப்புப் போடுபவரோ நீங்கள் ஒருவர்தான். குழந்தை உடனிருக்கும் நாளில், காற்று நிலத்திலிருந்து சற்றே பலமாக வீசினாலும் கயாக்கை இறக்காதீர்கள். கரைக்கு இணையாக வீசும் நாளில் முதலில் காற்றை எதிர்த்துச் சென்று, திரும்பும்போது அதன் துணையோடு வாருங்கள்.

வெயில் ஏறும்போது நிலம் கடலைவிட விரைவாகச் சூடாவதால் பிற்பகலில் கடற்காற்று வலுக்கும். எனவே காலையிலேயே சென்று முற்பகலில் திரும்பிவிடுவது நல்லது. ஓதத்தையும், அதாவது கடல்நீர் ஏறி வற்றும் நேரத்தையும், பார்க்க வேண்டும். நீர் வற்றும் நேரத்தில் கழிமுகத்தில் நீரோட்டம் கடலை நோக்கி விரையும். எதிரே காற்று வீசினால் அங்கே குத்தான, நெருக்கமான அலைகள் எழும். அந்த வேளையில் முகத்துவாரத்தின் அருகிலேயே போகக் கூடாது.

கேள்வி: குழந்தைக்கு எப்படிப்பட்ட தூண்டில் தரலாம்? எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பார்கள்?

பதில்: முதலில் கரையிலிருந்து சில முறை பழக்குங்கள். கயாக்கில் குட்டையான தடியும், தக்கையும், இரை கோத்த ஒற்றை முள்ளும் போதும். மும்முனை முள் வேண்டாம். முள்ளின் நுனியில் பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிட்டால், தவறி யார் கையில் குத்தினாலும் எளிதாக எடுத்துவிடலாம். தலைக்கு மேல் வீசி எறியாமல் பக்கவாட்டில் நேராகக் கீழே விடச் சொல்லுங்கள். பெரிய மீன் ஒன்றுக்காகக் காத்திருப்பதைவிடச் சிறு மீன்கள் அடிக்கடி கடிக்கும் இடமே குழந்தைக்கு மகிழ்ச்சி தரும்.

மீனை முள்ளிலிருந்து கழற்றுவது உங்கள் வேலை. கடல் கெளுத்தியின் முதுகிலும் இரு பக்கத் துடுப்புகளிலும் நச்சுள்ள முட்கள் உண்டு. குத்திவிட்டால் கரைக்கு வந்து, தோல் வெந்துவிடாத அளவு, பொறுக்கக்கூடிய சூட்டிலுள்ள நீரில் அந்த இடத்தை வைத்திருந்தால் வலி தணியும்; பிறகு மருத்துவரிடம் காட்டுங்கள். உடலைப் பந்துபோல் உப்பிக்கொள்ளும் பேத்தை மீன் சிக்கினால் விட்டுவிடுங்கள். அதன் நஞ்சு சமைத்தாலும் அழியாது.

நேரத்தைப் பொறுத்தவரை, போகலாம் என்று குழந்தை சொன்ன உடனே திரும்பிவிட வேண்டும். மீன் நன்றாகக் கடித்துக்கொண்டிருந்தாலும் சரிதான். நனைந்த குழந்தையின் உடல் பெரியவர்களின் உடலைவிட விரைவாகக் குளிர்ந்துவிடும். உதடு நடுங்கத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: ஒரே இடத்தில் நிற்க நங்கூரம் போடலாமா?

பதில்: நீரோட்டம் மெதுவாக உள்ள இடத்தில் போடலாம். கயிற்றை முன்முனையிலோ பின்முனையிலோதான் கட்ட வேண்டும். பக்கவாட்டின் நடுவில் கட்டினால் நீரோட்டம் கயாக்கைக் குறுக்கே திருப்பிக் கவிழ்த்துவிடும். கயிற்றின் கைப்பக்க முனையில் ஒரு மிதவையைக் கட்டி, ஒரே இழுப்பில் கழலும்படி முடிச்சுப் போட்டு வையுங்கள். அவசரம் ஏற்பட்டால் நங்கூரத்தை விட்டுவிட்டு நகர்ந்து, பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம். கை எட்டும் இடத்தில் உறையிட்ட கத்தி ஒன்றும் இருக்கட்டும்.