வாங்கி வைப்பவருக்கு எந்த டீமேட் கணக்கு?

கேள்வி: மாதம் 3,000 ரூபாய்க்குப் பங்கு வாங்கி, பதினைந்து வருஷம் தொடாமல் வைக்க ஆசை. புரோக்கரேஜ் எங்கே குறைவு?

பதில்: புரோக்கரேஜை, அதாவது புரோக்கர் வாங்கும் கமிஷனைப் பார்ப்பதற்கு முன், பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் டீமேட் கணக்கின் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தைப் பாருங்கள். புரோக்கரேஜ் வாங்கும்போதும் விற்கும்போதும்தான் வரும். ஆண்டுக் கட்டணமோ நீங்கள் ஒரு பங்கும் வாங்காத வருஷத்திலும் வரும்.

உங்கள் 3,000 ரூபாயையே எடுத்துக்கொள்வோம். பங்குப் பரிவர்த்தனை வரியான எஸ்.டி.டி. 3 ரூபாய், முத்திரைக் கட்டணம் 45 பைசா. யாரிடம் வாங்கினாலும் இவை மாறாது. அரை சதவீதம் கேட்கும் புரோக்கரிடம் 15 ரூபாய், ஜி.எஸ்.டி. சேர்த்து 17.70. வருஷத்துக்கு 212 ரூபாய் ஆகிறது. ஆண்டுக் கட்டணம் 300 என்றால் ஜி.எஸ்.டி.யோடு 354! நீங்கள் போடும் 36,000 ரூபாயில் ஏறக்குறைய 1 சதவீதம் அதற்கே போய்விடும். ஒரு ஆர்டருக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு என்று புரோக்கரேஜில் நிபந்தனை இருக்கிறதா என்றும் கேளுங்கள். சிறு தொகைக்கு அதுவும் பெரிய அடி.

ஸீரோதா என்ற புரோக்கரிடம் டெலிவரிக்கு (வாங்கிய பங்கை அன்றே விற்காமல் கணக்கில் வைப்பதற்கு) புரோக்கரேஜ் இல்லை, ஆண்டுக் கட்டணம் உண்டு. குரோவில் ஆண்டுக் கட்டணம் இல்லை, டெலிவரிக்கு புரோக்கரேஜ் உண்டு. இந்த இடத்தில்தான் பி.எஸ்.டி.ஏ. எனும் அடிப்படை டீமேட் கணக்கு கைகொடுக்கிறது. 2024 செப்டம்பர் முதல் அதில் 4 லட்சம் ரூபாய் மதிப்பு வரை ஆண்டுக் கட்டணமே கிடையாது. 10 லட்சம் வரை 100 ரூபாயும் வரியும்தான். ஆனால் உங்கள் பெயரில் ஒரே ஒரு டீமேட் கணக்குதான் இருக்க வேண்டும். நண்பர் அனுப்பிய லிங்க், கேஷ்பேக் என்று மூன்று இடத்தில் கணக்கு திறந்தவர்களுக்கு இந்தச் சலுகை கிடைக்காது. அவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

கேள்வி: கட்டணம் குறைந்த புரோக்கர் கம்பெனியை மூடிவிட்டால் என் பங்கு என்ன ஆகும்?

பதில்: பங்குகள் புரோக்கரிடம் இல்லை. அவை உங்கள் பெயரில் என்.எஸ்.டி.எல். அல்லது சி.டி.எஸ்.எல். டெபாசிட்டரியில் (பங்குகளை மின்னணு வடிவில் பாதுகாக்கும் நிறுவனத்தில்) இருக்கின்றன. உங்கள் 16 இலக்க டீமேட் எண்ணைப் பாருங்கள்: ஐ.என். என்ற எழுத்துகளில் தொடங்கினால் என்.எஸ்.டி.எல்., முழுக்க எண்களாக இருந்தால் சி.டி.எஸ்.எல்.

அதற்காகக் கவலையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வாடிக்கையாளர்களின் பங்குகளை அடகு வைத்துக் கடன் வாங்கியதாக கார்வி என்ற புரோக்கர் நிறுவனத்தின் மீது 2019 நவம்பரில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி நடவடிக்கை எடுத்தது நினைவிருக்கும். தங்கள் கணக்கை இயக்க வாடிக்கையாளர்கள் கொடுத்திருந்த அதிகாரப் பத்திரமான பவர் ஆஃப் அட்டர்னிதான் அதற்கு வழி விட்டது. இப்போது யாருக்கும் அதைக் கொடுக்க வேண்டிய அவசியமில்லை. எப்போதாவது விற்பவர், விற்கும் அன்று ஓ.டி.பி. போட்டு ஒப்புதல் தந்தாலே போதும். டெபாசிட்டரி மின்னஞ்சலில் அனுப்பும் ஒருங்கிணைந்த அறிக்கையைத் திறந்து, பங்கு எண்ணிக்கையை ஆப்பில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். அப்புறம், ஆப்பில் பணத்தைச் சும்மா போட்டு வைக்காதீர்கள். டெபாசிட்டரியில் இருப்பது பங்கு மட்டும்தான். அந்தப் பணம் அங்கே இருப்பதில்லை.

கேள்வி: எந்த ஆப்பில் சார்ட்டும் டிப்ஸும் நன்றாக இருக்கும்?

பதில்: பதினைந்து வருஷம் வைத்திருப்பவருக்கு இரண்டும் வேண்டாம். பங்குகளின் வருங்கால விலையை வைத்து ஒப்பந்தம் போடும் எஃப் அண்ட் ஓ பகுதியை முடக்கும் வசதி இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் நஷ்டப்பட்டதாக செபியின் ஆய்வே சொல்கிறது.

கேள்வி: பழைய புரோக்கரிடமிருந்து மாற வேண்டும். விற்றுவிட்டு வேறு இடத்தில் வாங்கலாமா?

பதில்: விற்காதீர்கள். ஓராண்டுக்கு மேல் வைத்த பங்கில் வருஷத்துக்கு 1.25 லட்சத்துக்கு மேல் வரும் லாபத்துக்கு 12.5 சதவீத வரி. உங்கள் பெயரிலேயே உள்ள இன்னொரு டீமேட்டுக்கு மாற்றுவது விற்பனை ஆகாது. வரியும் இல்லை, வாங்கிய தேதியும் மாறாது. பழைய கணக்கை மூடும் விண்ணப்பத்திலேயே பங்குகளை மாற்றச் சொல்லிக் கேட்கலாம். புதிய ஆப்பில் வாங்கிய விலை காலியாகத் தெரியலாம். ஆகவே மூடுவதற்கு முன்பே பழைய கான்ட்ராக்ட் நோட்டுகளை (வாங்கிய விவரம் காட்டும் ரசீதுகளை) எல்லாம் டவுன்லோட் செய்து, தேதியும் விலையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.