டிஸ்மிஸ் ஆனவருக்குப் பணிக்கொடையும் பென்ஷனும் உண்டா?

கேள்வி: ஓசூர் சிப்காட் பகுதியில் உள்ள ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் 2001 ஜூன் மாதம் சேர்ந்து, 2025 ஆகஸ்ட் இறுதி வரை வேலை பார்த்தேன். இரவு ஷிப்டில் ஓர் இயந்திரத்தின் ஸ்பிண்டில் உடைந்ததற்கு என் கவனக்குறைவே காரணம் என்று உள்விசாரணை நடத்தி, 85,000 ரூபாய் நஷ்டம் எனக் குறிப்பிட்டு, டிஸ்மிஸ் செய்துவிட்டார்கள். கடைசியாக அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 23,400 ரூபாய் வாங்கினேன். "டிஸ்மிஸ் ஆனால் கிராஜுவிட்டி கிடையாது, ராஜினாமா எழுதிக் கொடுங்கள், பார்த்துச் செய்கிறோம்" என்கிறார் அதிகாரி. பஸ் நிலையம் அருகே இருக்கும் ஏஜென்ட் ஒருவர், பி.எஃப். பணத்தோடு பென்ஷன் பணத்தையும் மொத்தமாக எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். எனக்கு வயது 51. என்ன செய்வது?
– வாசகர், சூளகிரி

பதில்: முதலில், ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுக்காதீர்கள். அதை எழுதிய நாளிலிருந்து நீங்களாகவே வேலையை விட்டவர் ஆகிவிடுவீர்கள். பணிநீக்கம் செல்லாது என்று பிறகு வழக்காட இடமிருக்காது. அந்தக் கடிதத்துக்கு ஈடாக அவர்கள் தருவதாகச் சொல்லும் தொகையோ, பெரும்பாலும் சட்டப்படி உங்களுக்கு ஏற்கெனவே சேர வேண்டிய தொகைதான்.

பணிக்கொடையை (கிராஜுவிட்டி) பொறுத்தவரை அதிகாரி சொல்வது சரியல்ல. 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வேலை பார்த்தவர் எந்தக் காரணத்தால் வேலையிலிருந்து விலக நேர்ந்தாலும், பணிநீக்கம் உட்பட, பணிக்கொடைக்கு உரியவராகிறார். அதைப் பறிமுதல் செய்யக்கூடிய சந்தர்ப்பங்களைச் சட்டமே எண்ணி வைத்திருக்கிறது. வன்முறை, கலகம் போன்ற நடத்தைக்காகவோ, பணியின்போது செய்த ஒழுக்கக்கேடான குற்றத்துக்காகவோ நீக்கப்பட்டால் முழுவதையுமோ ஒரு பகுதியையோ நிறுத்த இடமுண்டு. கவனக்குறைவால் நிறுவனத்தின் சொத்துக்குச் சேதம் ஏற்பட்டு அதற்காக நீக்கப்பட்டால், அந்தச் சேதத்தின் மதிப்பு எவ்வளவோ அவ்வளவை மட்டுமே பிடிக்கலாம். உங்கள் விஷயம் இந்த இரண்டாவது வகை.

கணக்கைப் பாருங்கள். 23,400 ரூபாயை 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் ஊதியம் 900 ரூபாய். ஆண்டுக்கு 15 நாள் என்றால் 13,500 ரூபாய். உங்கள் சேவை 24 ஆண்டுகளும் சில மாதங்களும். ஆறு மாதத்துக்கு மேற்பட்டால்தான் அது இன்னோர் ஆண்டாகக் கணக்கிடப்படும் என்பதால் 24 ஆண்டுகளுக்கு 3,24,000 ரூபாய் வருகிறது. நிறுவனம் சொல்லும் 85,000 ரூபாயை அப்படியே ஒப்புக்கொண்டாலும் மீதி 2,39,000 ரூபாயைத் தர மறுக்க அவர்களுக்கு வழியே இல்லை. அந்த 85,000-ஐக்கூட வாய்வார்த்தையாகப் பிடிக்க முடியாது. நஷ்டத்தின் அளவுக்கு ஆதாரம் காட்டி, உங்கள் விளக்கத்தைக் கேட்டு, பறிமுதலுக்கென்று உத்தரவு பிறப்பித்திருக்க வேண்டும். ஸ்பிண்டில் எத்தனை ஆண்டு ஓடியது, கடைசியாக எப்போது பராமரிப்பு நடந்தது என்ற கேள்விகளுக்கு அப்போதுதான் வேலை வரும். 24 ஆண்டு ஓட்டியவருக்குத்தான் இயந்திரத்தின் வயது நன்றாகத் தெரியும். விசாரணை அறிக்கையில் அது இடம்பெற்றிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பணிக்கொடை கேட்டு நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையுடன் இன்றே விண்ணப்பம் அனுப்புங்கள். விண்ணப்பிப்பதற்கான முப்பது நாள் கெடு கடந்துவிட்டது என்பதற்காக மட்டும் உங்கள் கோரிக்கை செல்லாமல் போகாது. தொகை உரியதான நாளிலிருந்து 30 நாட்களுக்குள் தர வேண்டியது நிறுவனத்தின் கடமை. தவறினால் ஆண்டுக்கு 10 சதவீதத் தனிவட்டி. அதன் பிறகும் மௌனம் என்றால், பணிக்கொடைச் சட்டத்தின் கட்டுப்பாட்டு அதிகாரியாக உள்ள தொழிலாளர் உதவி ஆணையரிடம் மனு கொடுக்கலாம். 2025 நவம்பர் 21 முதல் பணிக்கொடைச் சட்டத்துக்குப் பதிலாகச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறதே என்று யாராவது குழப்பினால், உங்கள் பணிநீக்கம் அதற்கு முந்தையது என்பதை நினைவில் வையுங்கள். பறிமுதல் பற்றிய விதியின் சாரம் புதிய தொகுப்பிலும் அதேதான்.

இனி பென்ஷன். அந்த ஏஜென்ட் சொல்வது நடக்காத காரியம். பத்து ஆண்டுகளுக்கு மேல் சேவை உள்ளவர் பென்ஷன் பங்கை ரொக்கமாக எடுக்க ஊழியர் பென்ஷன் திட்டத்தில் இடமே இல்லை. எடுத்துத் தருகிறேன் என்பவர் உங்கள் ஆதார் எண்ணையும் ஓ.டி.பி.யையும் குறிவைக்கிறார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வைப்பு நிதியில் (பி.எஃப்.) உங்கள் பங்கும் நிறுவனத்தின் பங்கும் வட்டியும் உங்கள் சொத்து. எந்தக் குற்றச்சாட்டுக்காகவும் நிறுவனம் அதில் கைவைக்க முடியாது. நிறுவனம் விலகல் தேதியைப் பதிவு செய்யாமல் இழுத்தடித்தால், கடைசிச் சந்தாவிலிருந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையதளத்தில் அதைப் பதிவு செய்யலாம். பெயரில் இன்ஷியல் ஆதாரில் ஒரு மாதிரியும் பி.எஃப். பதிவில் ஒரு மாதிரியும் இருப்பதுதான் நம் ஊர்க்காரர்களின் விண்ணப்பங்கள் திரும்பி வர முக்கியக் காரணம்; அதை முதலில் சரிபாருங்கள்.

மாதப் பென்ஷன் 58 வயதில் தொடங்கும். பென்ஷன் கணக்கிடுவதற்கான ஊதியத்துக்கு உச்சவரம்பு உண்டு: 2014 ஆகஸ்ட் வரையிலான சேவைக்கு 6,500 ரூபாய், அதற்குப் பிந்தையதற்கு 15,000 ரூபாய். சேவை ஆண்டுகளை ஊதியத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். இருபது ஆண்டுகளைத் தாண்டியவர் என்பதால் உங்கள் சேவையோடு இரண்டு ஆண்டுகள் கூட்டப்படும். எனது கணக்கில் மாதம் 4,000 ரூபாயை ஒட்டி வருகிறது. 50 வயது கடந்துவிட்டதால் இப்போதே கேட்கவும் உரிமை உண்டு. ஆனால் 58-க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் வெட்டப்பட்டு, ஏறத்தாழக் கால் பங்கு ஆயுள் முழுவதும் போய்விடும். வேறு வேலைக்குப் போகும் உடல்வலு இருக்கும்வரை அவசரப்பட வேண்டாம் என்பதே என் கருத்து. அதுவரை 10-சி படிவம் கொடுத்து, உங்கள் சேவையைக் காட்டும் திட்டச் சான்றிதழ் வாங்கி வையுங்கள். 58-க்கு முன் உங்களுக்கு ஏதேனும் நேர்ந்தால் மனைவிக்கு விதவைப் பென்ஷன் கிடைப்பதற்கும் அது கைகொடுக்கும்.

அனுபவிக்காத ஈட்டிய விடுப்புக்கான ஊதியமும் டிஸ்மிஸ் ஆனவருக்கு உண்டு. அதைக் கேட்க மறந்துவிடாதீர்கள். எந்தத் தொகையை வாங்கினாலும் ரசீதில் "ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று உங்கள் கையாலேயே எழுதித் தேதியிட்டு, கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பணிநீக்கமே சரியா என்பது தனி வழக்கு. 24 ஆண்டு சேவைக்கு ஒரே ஒரு கவனக்குறைவுக்காக டிஸ்மிஸ் என்பது அளவுக்கு மிஞ்சிய தண்டனை என்று வாதிட நல்ல இடமிருக்கிறது. தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். பழைய தொழில் தகராறுச் சட்டத்தில் நீதிமன்றம் செல்ல மூன்று ஆண்டு அவகாசம் இருந்தது, புதிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் சமரசத்துக்கு இரண்டே ஆண்டுகள். வழக்கறிஞர் கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம். தொழிற்சாலைத் தொழிலாளி என்ற தகுதியிலேயே, வருமான வரம்பு பார்க்காமல், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞரை ஏற்பாடு செய்யும். 15100 என்ற எண்ணிலும் விவரம் கேட்கலாம்.

கேள்வி: காவேரிப்பட்டணம் அருகே ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் 14 சீசன் வேலை செய்தேன். பெங்களூரா காய் வரத்துத் தொடங்கியதும் கூப்பிடுவார்கள். காய் முடிந்ததும் நிறுத்திவிடுவார்கள். இந்த ஆண்டு "இனி வர வேண்டாம்" என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள். பி.எஃப். பிடித்திருக்கிறார்கள். வருடம் முழுக்க வேலை செய்யாததால் எதுவும் கிடைக்காது என்கிறார் மேஸ்திரி. வயது 56.
– வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: அம்மா, மேஸ்திரி சொல்வதை நம்பி விட்டுவிடாதீர்கள். பருவகாலத் தொழிற்சாலைக்கென்றே பணிக்கொடைச் சட்டத்தில் தனி விதி இருக்கிறது: ஒவ்வொரு சீசனுக்கும் ஏழு நாள் ஊதியம். ஆலை ஓடிய நாட்களில் முக்கால் பங்கு நாட்களாவது நீங்கள் வேலைக்குப் போயிருந்தால், அந்த ஆண்டு தொடர்ச்சியான சேவையாகவே கொள்ளப்படும். உங்கள் கடைசி நாள் கூலி 450 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 14 சீசனுக்கு 44,100 ரூபாய்.

பென்ஷனில் இருக்கும் சலுகை இதைவிடப் பெரியது, பலருக்கும் தெரியாதது. பருவகாலத் தொழிலாளி ஓர் ஆண்டில் சில மாதமே வேலை செய்திருந்தாலும், அது முழு ஆண்டுச் சேவையாகக் கருதப்படும். எனவே 14 சீசனும் சந்தா கட்டப்பட்டிருந்தால் பத்து ஆண்டு என்ற தகுதியைத் தாண்டிவிட்டீர்கள். 58 வயதில் 10-டி படிவம் கொடுத்தால் மாதம் 1,000 ரூபாய்க்குக் குறையாத பென்ஷன் வரும். கூலியில் பிடித்ததை உண்மையிலேயே கட்டினார்களா என்பதுதான் இப்போது பார்க்க வேண்டியது. உமங் செயலியில் பாஸ்புக்கைத் திறந்து, மகனையோ மகளையோ கொண்டு ஆண்டுவாரியாகப் பார்க்கச் சொல்லுங்கள். விடுபட்ட சீசன்கள் இருந்தால், மாதந்தோறும் 27-ஆம் தேதி மாவட்டத்தில் வைப்பு நிதி அலுவலர்கள் நடத்தும் 'நிதி ஆப்கே நிகட்' குறைதீர் முகாமில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். கேட் பாஸ், கூலி எழுதிய சீட்டு, சக பெண்களின் சாட்சி என எது இருந்தாலும் எடுத்துப் போங்கள். ஒப்பந்ததாரர் மூலம் வேலை செய்திருந்தாலும் பி.எஃப். பாக்கிக்கு ஆலை முதலாளி பொறுப்பாவார்.

கேள்வி: என் தந்தை 1997-இல் அரசுத் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, 2019-இல் ஒழுங்கு நடவடிக்கையில் டிஸ்மிஸ் செய்யப்பட்டார். பென்ஷன் கிடைக்குமா?
– வாசகர், அரூர்

பதில்: தனியார் தொழிலாளிக்கு மேலே சொன்ன பாதுகாப்பு அரசு ஊழியருக்குக் கிடையாது. டிஸ்மிஸ் ஆனாலும் 'ரிமூவல்' எனப்படும் தண்டனையில் நீக்கப்பட்டாலும் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள் 1978-இன்படி முந்தைய சேவை முழுவதும் அற்றுப்போகும். ஓய்வூதியமும் இல்லை, பணிக்கொடையும் இல்லை. அதுவே தண்டனை கட்டாய ஓய்வாக இருந்திருந்தால் ஓய்வூதியம் உண்டு. உத்தரவில் எந்தச் சொல் இருக்கிறது என்பதை அசலை எடுத்துப் படித்துப் பாருங்கள். வீட்டில் 'டிஸ்மிஸ்' என்று சொல்லப்படுவது கோப்பில் வேறாக இருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

டிஸ்மிஸ்தான் என்றால் ஒரு வழி மிஞ்சுகிறது. சிறப்புப் பரிவுக்குரிய நிலை என்று கருதினால், முறையாக ஓய்வு பெற்றிருந்தால் கிடைத்திருக்கும் ஓய்வூதியத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்படாத கருணைப்படியை, பணிநீக்கம் செய்த அதிகாரியே வழங்கலாம். அது உரிமையல்ல, அவருடைய விருப்புரிமை. ஆகவே மனுவில் குற்றச்சாட்டைப் பற்றி மறுபடி வாதாடாமல், தந்தையின் 22 ஆண்டுச் சேவை, உடல்நிலை, குடும்ப வருமானம் ஆகியவற்றைச் சான்றுகளுடன் எழுதுங்கள். அவருடைய பொது வருங்கால வைப்பு நிதிச் சேமிப்பு இதில் சேராது. இதுவரை வாங்காவிட்டால், அதற்குத் தனி விண்ணப்பம் கொடுத்து வட்டியோடு பெற்றுக்கொள்ள வேண்டும்.