சந்தா வருமானத்தை நம்பி வேலையை விடலாமா?

கேள்வி: நான் களுவாஞ்சிகுடியில் வசிக்கிறேன். மட்டக்களப்பு நகரில் ஒரு தனியார் நிறுவனத்தில் 95,000 ரூபாய் சம்பளத்தில் பணிபுரிகிறேன். நானே உருவாக்கிய கணக்கு மென்பொருளுக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் 60 பேர் மாதம் 15 டொலர் சந்தா செலுத்துகிறார்கள். வேலையை விட்டு, மனைவியின் நகையை அடகு வைத்து விளம்பரம் செய்து, இதையே முழுநேரத் தொழிலாக்கலாமா? 15 வீத வரியை நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

பதில்: 900 டொலரும் உங்கள் கைக்கு வருவதில்லை. பாடில் (Paddle) போன்று உங்கள் சார்பில் சந்தாவை வசூலித்துத் தரும் நிறுவனம் ஒவ்வொரு சந்தாவிலும் 5 வீதமும் 50 அமெரிக்க சதமும் எடுத்துக்கொண்டால் 75 டொலர் போகும். சேர்வர் செலவுக்கு 80 டொலர் வைத்தால் 745 மிஞ்சும். டொலரை 300 ரூபாயாகக் கொண்டால் அது 223,500 ரூபாய்.

வரியைப் பற்றி அவ்வளவு அஞ்ச வேண்டாம். 2025 ஏப்ரல் முதல் இத்தகைய சேவை ஏற்றுமதி வருமானத்துக்கு வரி உண்டு என்றாலும், வங்கி ஊடாக நாட்டுக்குள் வரும் பணத்துக்கு 15 வீதம் என்பது உச்ச வரம்புதான். ஆண்டு வருமானமான 2,682,000 ரூபாயில் 1,800,000 ரூபாய் தனிநபர் நிவாரணமாகக் கழிந்து, எஞ்சிய 882,000 ரூபாய்க்கு 6 வீதப்படி ஏறக்குறைய 53,000 ரூபாய் செலுத்தினால் போதும். சம்பளமும் சேரும் ஆண்டில் இது கூடும்.

என்னை உண்மையில் கவலைப்படுத்துவது வாடிக்கையாளர்களின் விலகல். மாதம் 5 வீதத்தினர் சந்தாவை நிறுத்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் மூவர் போவது பெரிதாகத் தெரியாது, ஆனால் புதியவர் யாரும் சேராவிட்டால் ஓராண்டு முடிவில் 60 பேரில் 32 பேர்தான் இருப்பார்கள், வருமானமும் பாதியளவுக்கு இறங்கிவிடும். எனவே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை விட, கடந்த ஆறு மாதங்களில் மாதந்தோறும் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் விலகினார்கள், ஏன் விலகினார்கள் என்பதை எழுதிப் பாருங்கள். விலகியவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் காரணம் கேட்பது எந்த விளம்பரத்தையும் விடப் பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

வேலையோடு போய்விடும் இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடமிருந்து 8 வீதமும் நிறுவனத்திடமிருந்து 12 வீதமும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் சேர்ந்து மாதம் 21,850 ரூபாய் உங்கள் பெயரில் சேமிப்பாகிறது. வேலையை விட்டபின் அதை நீங்களே தவறாமல் ஒதுக்க வேண்டும்.

ஆகவே இப்போது விடாதீர்கள். சம்பளத்தில் குடும்பத்தை நடத்தி, சந்தாப் பணத்தை இயன்றவரை தொடாமல் சேமியுங்கள். மாதச் செலவு 120,000 ரூபாய் என்றால் ஆறு மாதச் செலவுக்கு 720,000 ரூபாய் வேண்டும். சம்பளத்துக்கு மேல் தேவைப்படும் தொகையையும் வரிப் பங்கையும் எடுத்தாலும் ஐந்து மாதத்தில் அது சேர்ந்துவிடும். அந்தத் தொகை கையிலிருந்து, சேர்பவர் விலகுபவரை விடத் தொடர்ந்து கூடுதலாக இருந்தால், தயங்காமல் முழுநேரமாக இறங்குங்கள்.

நகையை மட்டும் தொடவேண்டாம். விளம்பரத்தால் ஒருவர் கூட வராவிட்டாலும் அடகு வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். விளம்பரத்துக்கு வேண்டிய பணம் சந்தாவிலிருந்தே, சிறிய தொகையாக, வரட்டும்.