‘ஒருவரிடமிருந்து 18 பேருக்கு’: இதை எப்படி எண்ணுகிறார்கள்?

கேள்வி: எதிர்வீட்டுப் பையனுக்கு மூன்று நாளாகத் தட்டம்மை. என் மகளுக்கு நான்கு வயது. முதல் தவணை ஊசி போட்டோம், இரண்டாவது விட்டுப்போய்விட்டது. ‘ஒருவரிடமிருந்து 18 பேருக்குப் பரவும்’ என்று வாட்ஸ்அப்பில் வந்ததிலிருந்து மாமியார் அவளை வாசலுக்கே விடுவதில்லை. இந்தக் கணக்கு எப்படி வருகிறது டாக்டர்?

பதில்: கணக்கு இருக்கட்டும், முதலில் ஊசி. விட்டுப்போன தட்டம்மை-ரூபெல்லா தவணையை ஐந்து வயது வரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடுவார்கள். நாளைக்கே கூட்டிப்போங்கள். தொற்று பட்ட 72 மணி நேரத்துக்குள் போட்டால் நோயையே தடுக்க வாய்ப்புண்டு. தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பே அந்தப் பையன் பரப்பத் தொடங்கியிருப்பான். ஆகவே கெடு தாண்டியிருக்கலாம். தாண்டியிருந்தாலும் போடுங்கள்.

இனி அந்த 18. தட்டம்மைக்கு 12 முதல் 18 வரை என்று சொல்வது வழக்கம். ஆனால் ஒருவருக்குக்கூட எதிர்ப்பு சக்தி இல்லாத ஊரில்தான் அந்த எண் செல்லும். அப்படி ஓர் ஊர் எங்கே கிடைக்கும்? ஏறக்குறைய கிடைத்தது. 1846இல் ஃபாரோ தீவுகளில் தட்டம்மை புகுந்தது. அதற்கு முன் அங்கே வந்தது 1781இல். சுமார் 7,800 பேரில் 6,000 பேர் படுத்தார்கள். அங்கு போன இளம் டேனிஷ் மருத்துவர் பேனம் ஊர் ஊராகச் சென்று, யார் எந்த நாளில் யாரைப் பார்த்தார், எந்த நாளில் தடிப்பு வந்தது என்று விசாரித்தார். தொற்று பட்டு 13, 14 நாளில் தடிப்பு வருவது அப்படித்தான் தெரிந்தது. இன்னொன்றும் கண்டார்: 1781இல் நோய் கண்டிருந்த கிழவர்களை அது தொடவே இல்லை.

நம் கணக்கின் உயிர்நாடி அந்தக் கிழவர்கள்தான். ஒருவர் 15 பேருக்குப் பரப்புவார் என்று வையுங்கள். நூற்றில் 80 பேருக்கு எதிர்ப்பு இருந்தால் அது 3 ஆகிவிடும். 95 பேருக்கு இருந்தால் 0.75, அதாவது ஒன்றுக்கும் கீழே. நோய் தானாக அடங்கும். ஒரு வீட்டுக்குள் நோய் எவ்வளவு பரவியது என்று அளக்கும்போதும் இதே கதைதான். ஐந்து பேர் உள்ள வீட்டில் முதலில் அண்ணனுக்கு, பிறகு தங்கைக்கு வந்தால், ‘மிச்சம் நால்வரில் ஒருவருக்குத்தானே’ என்று தோன்றும். பாட்டிக்கும் பெற்றோருக்கும் முன்பே வந்துபோயிருந்தால் அவர்களை வகுக்கும் எண்ணில் சேர்க்கக் கூடாது. வரக்கூடியவள் ஒருத்தி, வந்ததும் ஒருத்திக்கு: நூற்றுக்கு நூறு.

முதல் தவணை மட்டும் போட்டவர்களில் நூற்றுக்கு 15 பேர் வரை எதிர்ப்பு உருவாகாமல் போகலாம். உங்கள் மகள் எந்தப் பக்கம் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அதற்காகத்தான் இரண்டாவது ஊசி.

எதிர்வீட்டில் வேப்பிலை செருகி வைத்துவிட்டுச் சும்மா இருந்தால், செவிலியரிடம் தகவல் சொல்லச் சொல்லுங்கள். பதிவாகாத நோயாளி யார் கணக்கிலும் வரமாட்டார். (வேப்பிலையோடு எனக்குச் சண்டை இல்லை.)

மாமியார் மீது கோபப்படாதீர்கள். நோயாளி எழுந்துபோன அறையில்கூட இந்தக் கிருமி இரண்டு மணி நேரம் வரை காற்றில் இருக்கும். பையனுக்குத் தடிப்பு வந்து நான்கு நாள் கழியும்வரை அந்த வீட்டுக்குள் மகளை விடவேண்டாம். அவள் அவனைக் கடைசியாகப் பார்த்த நாளிலிருந்து மூன்று வாரம் காய்ச்சல், இருமல், கண் சிவப்பு வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் மருத்துவமனைக்குள் நுழையும் முன்பே சொல்லிவிடுங்கள். வரிசையில் கைக்குழந்தைகள் இருப்பார்கள்.